ஊர் பெயர்தலும் உயிரின் சார்பும்

2024ஆம் ஆண்டு மாசித் திங்களில், திருவொற்றியூர்த் தியாகராசப் பெருமான் திருக்கோயிலில் மகிழடி சேவை கண்டு மீளுங்கால், எம்மோடு நெடுங்காலம் பழகிய அன்பர் ஒருவர் மகிழமரத்தின் புறத்தே எம்மை நிறுத்தி, "ஐயா, யான் இவ்வூரை விட்டுச் சிறுநகர் ஒன்றிற்குக் குடிபெயரலாமோ, ஆகாதோ? தாங்கள் ஒரு சொல் கூறுதல் வேண்டும்" என்று வினவினர். கூட்டம் நெருங்கியிருந்தமையின் அப்பொழுது விடை கூற இயலவில்லை. வினவிய இடமும் வேளையும் எம் நெஞ்சைத் தைத்தன. என்னையெனின், இவ்வூரை விட்டு நீங்கேன் என்று ஆளுடைய நம்பிகள் சங்கிலியார்க்குச் சூளுரைத்த மரம் அதுவே. அச்சூள் நிகழ்ந்தமையை நினைவூட்டும் விழாவும் அதுவே. அன்பர் அதனை எண்ணி வினவினாரல்லர். எண்ணாது வினவினமையே எம்மை இக்கட்டுரைக்கண் செலுத்திற்று.

அன்பர் நிலைமையைச் சிறிது கூறுதும். அவர் பிறந்தது மயிலாடுதுறைக்கு அணித்தாய குத்தாலம். இளமையிலேயே தந்தையை இழந்தனர். தமையனார் அதற்கு முன்னரே எர்ணாவூரிற் குடியேறித் தொழிற்சாலை ஒன்றில் அமர்ந்திருந்தமையின், தம்பியையும் வருவித்துப் படிப்பித்து, அத்தொழிற்சாலையிலேயே வேலையும் வாங்கித் தந்தனர். தமையனார் மணந்தது இராயபுரத்துப் பெண்மணியை. அவ்வம்மையார்க்கு மகப்பேறில்லை, கொழுந்தனையே மகனாகக் கொண்டு வளர்த்தனர். தமையனார் இறக்குங்கால் தம்பியின் கையைப் பற்றி, "உன் அண்ணியை இவ்வீட்டினின்று பெயர்த்துவிடாதே, தனியளாகவும் விட்டுவிடாதே" என்று கேட்க, அன்பரும் அவ்வாறே வாக்களித்தனர். அஃது இருபதாண்டுகட்கு முன் நிகழ்ந்தது. இப்பொழுது அன்பர் ஓய்வுபெற்று மனைவி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பெயரன், எண்பதை அணுகிய அண்ணியார் ஆகியோருடன் அவ்வீட்டிலேயே வாழ்கின்றனர். பெயரனுக்கோ இளைப்பு நோய். இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துவிடும். மருத்துவர், காற்று மாறினாலன்றி மருந்தை நிறுத்தவொண்ணாது என்று கூறிவிட்டனர். மகனுக்கு மயிலாடுதுறைக்கு மாற்றம் பெறும் வாய்ப்பும் வந்தது. குத்தாலத்துப் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கின்றது. வழி இருந்தும் வாக்கு நிற்கின்றது. இதுவே அவர்தம் இடுக்கண்.

இத்தகைய வினா எழுந்துழி உலகத்தார் துலாக்கோலை எடுப்பர். ஒரு தட்டில் வடசென்னையின் புகையும், நெரிசலும், கொள்கலம் ஏற்றிய பெருவண்டிகள் அடைத்துக் கிடக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையும் ஏறும். மறுதட்டில் சிறுநகரின் நற்காற்றும், குறைந்த செலவும், காவிரியும் ஏறும். பின்னர் பெருமருத்துவமனை சேய்மைக்கண் உளது, பிள்ளைக்குப் பள்ளி எவ்வாறோ என்று முதற்றட்டிற் சில படிக்கற்களை இடுவர். இக்கணக்கு வேண்டாவென்று யாம் கூறேம். ஆயினும் அதன் குறை ஒன்றுண்டு. இரண்டு ஊரும் நிற்க, நாம் மட்டும் பெயர்வதாக அது கொள்கின்றது. ஊர்கள் நிற்பனவல்ல.

திருவொற்றியூரையே நோக்குக. நம்பிகள் காலத்தும் சோழர் காலத்தும் அது தனிப்பெருந் தலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னைக் கோட்டைத் தலைவராயிருந்த காலெட்டு என்பார் நெசவாளரை இங்குக் குடியேற்றியமையின் எழுந்ததே காலடிப்பேட்டை. அவர் பெயரே மக்கள் வாயில் 'காலடி' ஆயிற்று. அந்நெசவாளரும் ஊர் பெயர்ந்து வந்தவரே. 20ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலையும், பின்னர் விசைவண்டி, உருளிப்பட்டைத் தொழிற்சாலைகளும், அணித்தே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையும், எண்ணூரில் அனல்மின் நிலையமும் தோன்றின. நகராட்சியாய்த் தனித்து நின்ற ஊர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2021இல் மெட்ரோ இரயிலும் விம்கோ நகர்வரை வந்துவிட்டது. அன்பருடைய தமையனார் குடிபுகுந்த எர்ணாவூர் வேறு, இன்று அவர் அண்ணியார் இருக்கும் எர்ணாவூர் வேறு. வாயிற்படி கடவாமலே அவ்வம்மையார் ஊர் பெயர்ந்திருக்கின்றனர்! குத்தாலமும் அத்தன்மையதே. காவிரிப் படுகையில் எரிவாயுக் கிணறுகள் தோண்டப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. படுகை நிலங்களைக் காத்தற்பொருட்டு 2020இல் தனிச்சட்டமே செய்யவேண்டிய நிலை எய்தியதை அன்பர்கள் அறிவர். ஆதலால் ஓர் ஊரின் இன்றைய காற்றை மட்டும் கண்டு, வாழ்நாள் முழுமைக்கும் விலை பேசுதல் கூடாது.

இனி நம்மவருள்ளே, "சிவபெருமான் எங்கும் நிறைந்தவன், ஊரில் என்ன உளது? இருந்த இடத்தில் இருந்து வழிபடுக" என்பாரும் உளர். கேட்டற்கு இனிதாயினும் இது சித்தாந்தமாகாது. ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் மாயையினின்று உதவியவை தநு கரண புவன போகம் என நான்கு என்பது நம் நூற்றுணிபு. உடம்பும், உட்கருவியும், நுகர்பொருளும் எத்துணை வேண்டப்படுவனவோ, புவனமாகிய இடமும் அத்துணை வேண்டப்படுவதே. இடம் பொருட்டன்று என்பார், உடம்பும் பொருட்டன்று என்று கூறிப் பெயரனின் மூச்சுத் திணறலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருப்படுவரோ? அன்றியும் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. இருளிற் புக்க கண் இருளோடு வேற்றுமையின்றி நிற்றலும், ஒளியிற் புக்க கண் ஒளியோடு கூடிக் காண்டலும்போல, உயிர் எதனொடு கூடிற்றோ அதன் தன்மையதாய் விளங்கும். அவ்வாறாயின், எதனொடு கூடி வாழ்தல் வேண்டும் என்னும் வினா உயிர்க்குத் தலையாய வினாவன்றோ?

மற்றொரு சாரார் இதனைப் பற்றிக்கொண்டே, "அங்ஙனமாயின் அமைதியான சிறுநகரிற் சென்று சார்க, மனமும் அமைதியாம்" என்பர். இதுவும் பாதியே. ஆணவம் செம்பிற் களிம்புபோல உயிரோடு உடன்பிறந்தது. அது மூட்டை முடிச்சுக்களோடு வண்டியேறி வரும். நகரத்தில் அண்டை வீட்டாரோடு குழாய் நீருக்குப் பூசலிட்டவர் கிராமத்தில் வரப்புக்குப் பூசலிடுவர். யாம் அறிந்த ஒருவர், அமைதி நாடிச் சென்ற ஊரில் ஆறு திங்களுக்குள் மூன்று வழக்குத் தொடுத்தனர். இவை நிற்க. சார்பு என்பது மண்ணையும் காற்றையும் மட்டுங் குறித்ததன்று. உயிர் மிக நெருங்கிச் சார்வது பிற உயிர்களையே. ஒருவன் யாவர்க்கு வாக்களித்தான், யாவர் அவனை நம்பி இருக்கின்றனர், அவன் யாவரை நம்பி இருக்கின்றான் என்பனவே அவன் சார்பு. ஊர் என்பது அவையெல்லாம் கூடிய இடத்திற்குப் பெயர். ஆதலின் 'எந்த ஊர் நன்று' என்பதற்கு முன்னரே, 'இவ்வூரில் என்னைப் பிணித்தது யாது, அப்பிணிப்பை அவிழ்க்க உரிமையுடையார் யாவர்' என்று வினவுதல் முறையாகும்.

இவ்விடத்தே நம்பிகள் வரலாறு நமக்கு ஒளி காட்டுகின்றது. சேக்கிழார் பெருமான் அதனை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் விரித்துரைத்தனர். சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்தவர். மணத்தை விரும்பாது இறைதொண்டை விரும்பி, பெற்றோர் இசைவோடு திருவொற்றியூர் வந்து கன்னிமாடத்தில் தங்கித் திருமாலை தொடுத்து வந்தனர். அவரும் ஊர் பெயர்ந்தவரே என்பதைப் பலர் மறந்துவிடுவர். நம்பிகள் அவரைக் கண்டு விரும்பி இறைவனை வேண்ட, இறைவனும் சங்கிலியார் கனவிற் றோன்றி எடுத்துரைத்தனன். அம்மையார் கேட்ட ஐயம் எத்துணைக் கூரியது! அவர் திருவாரூரில் மகிழ்ந்து உறைபவராயிற்றே என்பதே அவ்வையம். மனம் வேறோர் ஊரில் இருப்பாரை நம்பி வாழ்க்கைப்படலாமோ என்பது கருத்து. அதன்மேலேதான் பிரியேன் என்னும் சூளுக்கு வழி பிறந்தது. நம்பிகளோ திருமுன்னர்ச் சூளுரைக்குங்கால் இறைவனை மகிழின்கீழ் எழுந்தருளி இருக்குமாறு முன்னரே வேண்டிக்கொண்டனர். இறைவனோ மகிழின்கீழே சூள் பெறுமாறு அம்மையார்க்கு உணர்த்தினன். ஆகலின் இறைவன் அமர்ந்த மரத்தடியிலேயே நம்பிகள் சூளுரைக்க நேர்ந்தது.

பின்னர் வேனில் வந்தது, தென்றல் வீசிற்று, திருவாரூர் வசந்தவிழா நினைவில் எழுந்தது. நம்பிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்தனர், கண்ணொளி மறைந்தது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றனர். இடையே உடற்பிணி நீங்கப்பெற்ற தலம் திருத்துருத்தி. அத்திருத்துருத்தியே இன்றைய குத்தாலம். அன்பர் எண்ணிய வழி நம்பிகள் சென்ற வழியே என்பதை யாம் எடுத்துக்காட்டியபோது அவர் சிறிது நடுங்கினர்.

இதனைக் கேட்டோர் பலரும், சூள் தவறினார் கண்ணிழந்தார் என்று முடித்துக்கொள்வர். அம்முடிபில் எமக்கு நிறைவில்லை. நம்பிகள் சென்றது தீவழியிலன்று, திருவாரூர்ப் பெருமானை வழிபடற்கே. ஒற்றியூரிலும் ஆரூரிலும் எழுந்தருளியவன் ஒரு தியாகேசனே. நோக்கம் எத்துணைத் தூயதாயினும், மற்றோர் உயிர்க்குக் கொடுத்த சொல்லை அதுவே கரைத்துவிடாது என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது. இறைவன் தோழனாயிருந்தும் அச்சொல்லைத் தள்ளுபடி செய்தானில்லை. அவன் மகிழடியிற் சான்றாயிருந்தவன். சொல்லைப் பெற்றவர் சங்கிலியார். பெற்றவரே விடுவித்தற்குரியர். நம்பிகள் சங்கிலியாரிடம் விடைபெற்றனர் எனச் சேக்கிழார் கூறினாரில்லை. ஒருகால் அவர், "வசந்தவிழாக் கண்டு மீள விழைகின்றேன், நீ யாது கூறுகின்றனை?" என்று கேட்டிருப்பின்? அம்மையார் "சென்று வருக" என்று விடுத்திருப்பின்? அப்பொழுதும் கண் மறைந்திருக்குமோ? இவ்வினாவைப் புராண ஆராய்ச்சியாக யாம் எழுப்பவில்லை. சூளிற் குறை எங்குளது என்பதனை அஃது அளந்து காட்டுகின்றது. நீங்கினமையினும், வினவாது நீங்கினமையே பெரிதாகத் தோன்றுகின்றது. மரத்தடியைத் தவிர்க்க முயன்ற அவ்வொரு சூழ்ச்சியிலேயே வினவாமை தொடங்கிவிட்டது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. இறைவன் அவரைத் திரும்பச் செலுத்தவில்லை. ஊன்றுகோல் தந்து வழிநடத்தினன். பிழையுடையார்க்கும் வழி அடைபடவில்லை. பிழைக்குரிய நோவும் குறைக்கப்படவில்லை. (அத்திருவெண்பாக்கத்துப் பழைய கோயில், சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக 1944இல் முற்றிய பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. திருமேனிகள் பூண்டியில் எழுந்த புதுக்கோயிலுக்குப் பெயர்க்கப்பட்டன. நகரத்தின் தாகத்திற்காக இறைவனே குடிபெயர்ந்த ஊர் அது!)

நீங்கினாரைக் கூறினோம், நீங்காதாரையும் ஒருசிறிது கூறுதும். இத்தலத்துச் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த கலிய நாயனார் செக்குத் தொழிலினர். கோயில் முழுதும் விளக்கெரித்தவர். செல்வம் தேய்ந்தபின் கூலிக்கு எண்ணெய் விற்றும், செக்காடியும், மனை முதலியன விற்றும் தொண்டைத் தொடர்ந்து, முடிவில் தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தபோது இறைவன் கையைப் பிடித்தனன். வேற்றூர் சென்று வாணிகஞ் செய்து பொருளீட்டி மீளலாமே என்று அவர் எண்ணினாரல்லர். அவரைப் பிணித்தது ஊர்ப்பற்றன்று, அன்றன்று மாலை எரியவேண்டிய விளக்கு. ஆயினும் இடையே மனைவியாரை விற்கவும் அவர் முயன்றதாகப் புராணங் கூறும் பகுதியைப் படிக்குந்தோறும் எம் மனம் கூசும். அம்முயற்சி கொள்வாரின்றி ஒழிந்தது. அடியார் செயலின் உறைப்பைப் போற்றலாம். அச்செயலைப் பின்பற்றி, தம் கொள்கைக்காகப் பிறரை ஈடு வைத்தல் நமக்குரியதன்று. ஊரை விட்டுப் போவதிலும் சரி, போகாது நிற்பதிலும் சரி, அத்துன்பத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் முடிவு செய்தவராயிருப்பதில்லை.

அச்சத்தாற் பெயர்தல் வேறொரு வகை. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கலங்களைச் சுட்டெரித்தது. மறுநாள் முதல் மக்கள் திரள் திரளாக நகரத்தை விட்டு ஓடினர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரலில் சப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசியபோது அரசாங்கமே நகரத்தைக் காலிசெய்யத் தூண்டிற்று. விலங்குக் காட்சிச்சாலையின் கொடுவிலங்குகளும் சுட்டுக் கொல்லப்பட்டன. இருமுறையும் நகரம் நின்றது. ஓடினவரிற் பெரும்பாலார் சில திங்களில் மீண்டனர். இவற்றைக் காட்டி, எர்ணாவூர் அன்பரின் எண்ணமும் அச்சமே என்று ஒருவர் எம்மிடம் வாதிட்டார். அற்றன்று. 2023ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கருமையாக்கிற்று. அவ்வாண்டே திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், கப்பலினின்று அம்மோனியாவைக் கொணருங் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்மக்கள் கண்ணெரிந்து மூச்சடைத்து உறக்கத்தினின்று எழுந்து ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அன்று ஓடியது அச்சத்தாலன்று. தநு இறைவன் உதவிய கருவியாதலின், நஞ்சினின்று அதனைக் காத்தல் கடன். பின்னை நாளில், எரியாத கண்ணும் அடையாத மூச்சும் உடையார், வீட்டு மனையின் விலை இறங்குமே என்று அஞ்சி ஓடுவாராயின் அது வேறு.

ஈண்டு ஒன்றைச் சொல்லாது செல்ல எமக்கு மனம் வரவில்லை. போகலாமா, இருக்கலாமா என்று ஆராயும் உரிமை அனைவர்க்கும் வாய்த்ததன்று. 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கியபின், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கினின்று வடக்கு நோக்கிக் கரையோரம் நகரும் மணல் அச்சுவர்களால் தடைப்பட்டது. தெற்கே மெரினாவின் மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. மாலையில் மெரினாவில் உலவுவார் காலடியில் உள்ளது, ஒருவகையில், திருவொற்றியூர்க் குப்பங்களுக்கு வந்து சேராத மணலே. ஊழிவெள்ளத்தை ஒற்றி விலகச் செய்தமையால் ஒற்றியூர் ஆயிற்று என்னும் தலவரலாறுடைய ஊரில், கடலைத் தடுக்கக் கருங்கற்களைக் குவிக்கவேண்டி வந்தது! வீடிழந்த மீனவர் கடலை விற்றுவிட்டு வேற்றூரிற் கடல் வாங்க இயலுமோ? அவர்க்குத் துலாக்கோலே இல்லை. எழுதவும் விண்ணப்பிக்கவும் வல்லார் ஒவ்வொருவராக வெளியேறுவரேல், எஞ்சினார்க்காகப் பேசுவார் குறைவர். இதனையும் கடனென்றே யாம் கருதுகின்றோம். ஆயின் அக்கடனை ஐந்து வயதுக் குழவியின் மூச்சைக்கொண்டு அடைக்கவேண்டும் என்று கூறத் துணியேம்.

இவையெல்லாம் எண்ணிய பின்னர், ஒரு திங்கள் கழித்து அன்பரை இல்லத்திற் கண்டு, "அண்ணியாரைக் கேட்டீரோ?" என்று வினவினோம்.

"கேட்டாற் பயன் என்ன ஐயா? பெயரனுக்காக 'போகலாம்' என்றே சொல்லிவிடுவார்கள். உள்ளம் ஒருப்படாது சொல்லும் சொல் என்னை விடுவிக்குமோ? மேலும் வாக்குக் கேட்டவர் அண்ணன். அவர் இல்லை. இல்லாதவரிடம் எவ்வாறு விடைபெறுவேன்?"

இவ்விரண்டும் மறுத்தற்கரிய தடைகளே. இரண்டாவதற்கு எம் விடை இது: வாக்குக் கேட்டவர் தமையனாராயினும், அவ்வாக்கு நோக்கியது அண்ணியார் நலத்தை. கேட்டவர் மறைந்துழி, எவர்பொருட்டுக் கேட்கப்பட்டதோ அவரே அதற்குரியராவர். இறந்தார் சொல்லை எழுத்தெழுத்தாகப் போற்றி, அச்சொல் காக்கக் கருதிய உயிரை வினவாதிருத்தல் வாக்கைக் காத்தலாகாது. முதலாவதோ இன்னும் நுண்ணிது. இசைவு என்பது, மறுத்தற்கு இடமுள்ளவிடத்தே பிறப்பதாகும். மறுத்தாற் குழந்தை வாடும் என்னும் நிலையில் வைத்து ஒருவரைக் கேட்பது கேட்பதன்று, நெருக்குவதாம். எனவே யாம் கூறியது: "முதலில் அவர்கள் 'மாட்டேன்' என்றால் என்ன செய்வதென்று முடிவு செய்க. அம்முடிவு குழந்தைக்கும் தீங்கின்றி, உமக்கும் தாங்கக்கூடியதாய் அமைந்த பின்னரே கேட்க. அப்பொழுதுதான் அவர்கள் 'போகலாம்' என்பதற்கும் பொருள் உண்டு."

அன்பர் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டனர். மகனும் மருமகளும் பெயரனும் குத்தாலஞ் செல்வதென்றும், தாமும் மனைவியும் எர்ணாவூரிலேயே அண்ணியாருடன் தங்குவதென்றும் மகனோடு கூடி ஏற்பாடு செய்தனர். குத்தாலத்து வீட்டுக் கூரையையும் செப்பஞ் செய்தாயிற்று. இவ்வேற்பாட்டை முழுதும் அண்ணியார்க்குக் கூறிய பின்னரே அவர்தம் கருத்தைக் கேட்டனர். யாமும் உடனிருந்தோம்.

அவ்வம்மையார் சிறிதுநேரம் வாளாவிருந்து, பின் நகைத்து, "தம்பி, உங்கள் அண்ணன் உங்களிடம் வாக்கு வாங்கினார். என்னிடம் ஒரு சொல் கேட்டாரோ? இருபது ஆண்டாக இந்த வீட்டில் எனக்காக நீங்கள் இருக்கிறீர்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உங்களுக்காக நான் இருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றனர். அன்பர் தலைகவிழ்ந்தனர். அம்மையார் மேலும் கூறியவை சிலவே. குழந்தை போகவேண்டும்; குழந்தையின் பாட்டியும் உடன்போகவேண்டும், இரவில் இளைப்பு வந்தால் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் அவளே. தாம் வரமாட்டார். பிறந்தது இராயபுரம், வாழ்க்கைப்பட்டது எர்ணாவூர், வடிவுடையம்மனை வெள்ளிதோறும் காணாது இருந்ததில்லை, இனிப் புதிதாக ஓர் ஊரைப் பழக உடலில் வலியில்லை. மாடியறையை அடுத்த தெருவில் உள்ள தம் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டால் துணைக்கு ஆள் ஆயிற்று. தம்பி இரண்டிடத்திலும் இருக்கட்டும்.

இதிலும் வாக்கு முழுமையாய் நின்றதென்று கூறவியலாது. வீட்டினின்று பெயர்க்காதே என்ற பாதி நின்றது. தனியே விடாதே என்ற பாதி தளர்ந்தது. உரிமையுடையவரே தளர்த்தினர் என்பதொன்றே வேற்றுமை. அன்பர் அதன் பின்னும் பலநாள் உறங்கவில்லை என்று கூறினர். ஒற்றி என்பதற்கு ஈடு என்பதும் ஒரு பொருள். இன்றும் ஒருதொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, நீங்குங்கால் அத்தொகையை மீளப்பெறுதலை ஒத்தி என்பர். தமக்கு இவ்வூர் ஒத்தி வீடாகவே இருந்ததென்றும், கொடுத்த தொகை யாது, மீளப்பெற்றது யாது என்று கணக்கு விளங்கவில்லையென்றும் அவர் எமக்குச் சொன்னதுண்டு.

2024 ஆனித் திங்களில் அவர்கள் குத்தாலஞ் சென்றனர். 1856இல் இராயபுரத்தினின்று வாலாசாவுக்குத் தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்டது முதல், நீங்குதலும் மீளுதலும் எளிதாயின. நம்பிகள் கண்ணின்றி நடந்த நெடுவழி இன்று ஓரிரவுப் பயணம். அன்பர் திங்கள்தோறும் பௌர்ணமிக்கு முன் வந்து பத்துநாள் எர்ணாவூரில் தங்குகின்றனர். அவ்வாண்டுக் கார்த்திகைப் பௌர்ணமியில் ஆதிபுரீசர் கவசந் திறந்த நாளன்று, வரிசையில் எமக்குச் சிறிது முன்னே அவரும், அவர் தோளைப் பற்றியவாறு அண்ணியாரும் நின்றனர். பெயரன் நலமோ என்று வினவினோம். இளைப்புக் குறைந்துளதென்றும், ஐப்பசி அடைமழையில் இருமுறை மட்டும் வந்ததென்றும் கூறினர். அண்ணியார் திரும்பி, "மூன்று முறை" என்றனர். நாள்தோறும் இரவில் மருமகளுடன் தொலைபேசியிற் பேசுகின்றாராம்.